மண்ணிழந்த அஸ்த் குலத்தார்



தமிழ் கற்பிக்கும் எனக்கு, அறபுக் குல வரலாறுகளுள் மனத்தை மிகத் தொட்டது அஸ்த் குலத்தாரின் கதையாகும். யெமனின் மஃரிப் பகுதியே இவர்களது பூர்வீகம் என்பது மரபு. அங்கே சபா நாட்டார் கட்டிய, ஏறத்தாழ 600 மீற்றர் நீளமான அணை வறண்ட நிலத்தைச் சோலையாக்கியிருந்தது. அவ்வணை உடைந்த பெருவெள்ளத்தால் குலம் சிதறியதாம். கஸ்ஸான் கிளையினர் சிரியாவுக்கும், வேறு சிலர் ஓமானுக்கும், அவ்ஸ், கஸ்ரஜ் கிளையினர் யத்ரிபுக்கும் சென்றனர்.

ஆயின் அணை ஒருமுறை மட்டும் உடையவில்லை. பலமுறை உடைந்து, பலமுறை செப்பனிடப்பட்டது. 548இல் அப்ரஹா மன்னன் அதனைத் திருத்தியமையை அவனது கல்வெட்டே பகர்கின்றது. அதற்கு முன்னரே, 529 அளவில், கஸ்ஸான் தலைவன் ஹாரிதைக் கிழக்கு உரோமப் பேரரசு சிரியப் பகுதி அறபுக் குலங்களுக்குத் தலைவனாக உயர்த்தியிருந்தது. எனவே இவ்விடப்பெயர்வு தலைமுறைகளாகத் தொடர்ந்தது என்றே கருதுகிறேன். அந்த நீண்ட துயரை மக்கள் நினைவு ஒரே வெள்ளமாகச் சுருக்கிக்கொண்டது.

யத்ரிபில் அவ்ஸும் கஸ்ரஜும் தம்முள் நெடுங்காலம் போரிட்டனர். எனினும் 622இல் நபிகள் நாயகமும் (ஸல்) தோழர்களும் மக்காவைத் துறந்து வந்தபோது, அவ்விரு கிளையினரும் தம் வீட்டையும் உணவையும் பகிர்ந்தளித்தனர். அதனால் 'அன்சார்', அதாவது உதவியாளர், என்று பெயர் பெற்றனர். யத்ரிப் மதீனாவாயிற்று.

மண்ணிழந்து வந்தோரின் வழித்தோன்றல்களே மண்ணிழந்து வந்தோருக்கு வாசல் திறந்தனர். இடப்பெயர்வின் வலியறிந்த நம் நாட்டவர் மனங்கொள்ள வேண்டிய வரலாறு இது.