களனிவெளியும் இறப்பர்த் தோட்ட மக்களும்

கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் கித்துல்கலைக்கு அண்மையில் கலந்து களனி கங்கையாகின்றன. அவிசாவளையிலிருந்து ஹற்றன் செல்லும் வீதி, யட்டியாந்தோட்டை தாண்டியதும் இந்த ஆற்றை ஒட்டியே ஏறுகிறது. ஒரு பக்கம் அடர்காடு, மறுபக்கம் இறப்பர் மலைகள். இலங்கையில் மிகுதியாக மழை பெய்யும் பள்ளத்தாக்குகளில் இதுவும் ஒன்று.

வெளியூரார் இங்கே வருவது பெரும்பாலும் ஒரு திரைப்படத்தின் பெயரால். டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளியான ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ படத்துக்காகக் கித்துல்கலையில் மரப்பாலம் கட்டி, வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்த இடத்தைக் காட்ட இன்றும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள்.

படம் சொல்வது 1942-43இல் ஜப்பானியர் அமைத்த சயாம்-பர்மா ரயில் பாதையின் கதை. அந்தப் பாதையில் மடிந்தோர் வெள்ளைப் போர்க்கைதிகள் மட்டுமல்லர். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர் பல்லாயிரவர் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பட்டினியிலும் அங்கே மாண்டனர். மலாயாத் தமிழர் அதை ‘சயாம் மரண ரயில்’ என்றே சொல்வர். படத்தில் அவர்களுக்கு இடமில்லை. அந்தப் படத்தை எடுத்த பள்ளத்தாக்கிலோ, அதே தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்து, அதே மரத்தில் பால் வெட்டி வாழ்ந்த மக்கள் குடியிருந்தார்கள். இந்த ஒற்றுமையை நம்மில் எவரும் போதிய அளவு எழுதவில்லை என்பது என் ஆதங்கம்.

பால் வெட்டு எளிய வேலையன்று. வெயில் ஏறுமுன் மலையேற வேண்டும்; குளிர்ந்த பொழுதில்தான் பால் நன்றாக ஓடும். இடமிருந்து வலமாகச் சரியும் பழைய வெட்டின் ஓரத்தில் மெல்லிய சீவல் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். கத்தி ஆழப் பதிந்தால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிற்பாடு அந்த இடத்தில் சீராக வெட்ட இயலாது. பால் சொட்டி முடிந்ததும் சிரட்டைகளில் விழுந்த பாலை வாளியில் ஊற்றிச் சேர்ப்பார்கள். வெட்டில் காய்ந்து கிடப்பது ஒட்டுப்பால், அதையும் விடுவதில்லை. மழை விழுந்தால் வெட்டு நிற்கும், அன்றைய ‘பேருக்கு’, அதாவது நாட்கூலிக்கு, நிச்சயமில்லை. ஆற்றை நிறைக்கும் மழைதான் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) அடுப்பை அணைக்கிறது.

ஆறு வற்றியபோதும் துயரந்தான். 1934இல் மழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாகி நுளம்பு பெருகியது. தொடர்ந்த மலேரியாவில் கேகாலை மாவட்டம் கடுமையாக அடிபட்டது. அந்நாளில் நிவாரணப் பணியில் நின்ற இடதுசாரித் தலைவர் என். எம். பெரேரா, 1936இல் ருவன்வெல்லைத் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்குச் சென்றார். இயற்கையின் அடியோடு அரசின் அடியும் சேர்ந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அவர்கள் வாக்குரிமையும் பறிபோனது. தமிழருக்கு எதிரான 1977, 1983 வன்முறைகளுக்குப் பின் இப்பகுதி அடங்கிய சப்ரகமுவ மாகாணத் தோட்டங்களைவிட்டு வடக்கே வன்னிக்குப் போன குடும்பங்கள் பல.

மலையகம் என்றால் தேயிலை என்றே எழுதிப் பழகிவிட்டோம். இறப்பர் மலைகளின் வரலாறு அதனால் பின்தங்கிவிட்டது. யட்டியாந்தோட்டை, தெரணியகல, தெஹியோவிற்றப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் தாத்தா, அம்மாயி பேசுவதைக் கைத்தொலைபேசியிலாவது பதிவு செய்யுங்கள். மலாயாவுக்குப் போன உறவினர் யாரேனும் உண்டா என்று கேளுங்கள். பழைய துண்டு (தோட்டச் சீட்டு), கடிதம், படம் எதையும் எறிந்துவிடாதீர்கள்.