கல்லாக ஆசைப்பட்ட சாந்து

வீட்டின் வெளிச்சுவரில் நாம் பூசும் சிமென்ட் சாந்துக்குப் பூர்வீகம் நடுக்கடல்.

இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்துக்குத் தென்மேற்கே, கடலுக்குள் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி எடிஸ்டோன் என்ற பாறைக்கூட்டம் இருக்கிறது. அங்கிருந்த மரக் கலங்கரை விளக்கம் 1755 டிசம்பரில் தீப்பிடித்து எரிந்துபோனது. அடுத்ததைக் கல்லில் கட்டும் பொறுப்பு ஜான் ஸ்மீட்டன் என்ற பொறியாளரிடம் வந்தது. கல்லுக்குப் பஞ்சமில்லை, கல்லோடு கல்லைப் பிடித்து வைக்கும் சாந்துதான் சிக்கல். சாதாரணச் சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்ல மெல்ல இறுகுவது. நாளுக்கு இருமுறை ஓதம் ஏறுகிற பாறையில் அது இறுகுவதற்கு முன்பே கரைந்துவிடும்.

ஸ்மீட்டன் பல ஊர்ச் சுண்ணாம்பை வரவழைத்தார். சாந்தை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு, எது கரைகிறது, எது நிற்கிறது என்று பார்த்தார். கல் எவ்வளவு கெட்டியோ அதைச் சுட்ட சுண்ணாம்பும் அவ்வளவு கெட்டி என்பது அன்றைய கட்டட வேலைக்காரர்களின் நம்பிக்கை. அது பொய்யாகப் போயிற்று. வேல்ஸ் நாட்டு அபர்தாவிலிருந்து வந்த சுண்ணாம்பு தண்ணீருக்குள்ளும் இறுகியது. அந்தக் கல்லை அமிலத்தில் கரைத்தால் அடியில் களிமண் தங்கியது. அழுக்கு என்று நினைத்ததுதான் வேலையைச் செய்திருந்தது. அபர்தா சுண்ணாம்போடு இத்தாலிய எரிமலை மண்ணைச் சரிபாதி சேர்த்துக் கட்டிய கோபுரத்தில் 1759 அக்டோபரில் விளக்கு எரிந்தது. நூறாண்டுக்கு மேல் நின்ற அந்தக் கோபுரத்தைப் பிற்பாடு கழற்ற நேர்ந்ததற்குக் காரணம், அடியிலிருந்த பாறை அரிபட்டதுதான். அதன் மேற்பகுதி இன்றும் பிளிமத் கரையில் நிற்கிறது.

கடலிலிருந்து இந்த அறிவைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜேம்ஸ் பார்க்கர். கென்ட் மாவட்டத்து ஷெப்பி தீவின் கரையில் கிடைத்த, சுண்ணாம்பும் களிமண்ணும் இயற்கையாகவே கலந்த கல்லுருண்டைகளைச் சுட்டு அரைத்து 1796-ல் காப்புரிமை வாங்கினார். ‘ரோமன் சிமென்ட்’ என்று பெயர் வழங்கியது. ரோமாபுரிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. சில நிமிடங்களிலேயே அது இறுகிவிடும் என்பதால் கொத்தனார்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குழைத்து அவசரமாகப் பூசினார்கள்.

அந்தக் காலத்தில் லண்டனில் கல் வீடு கௌரவம்; செங்கல் மலிவு. ஜான் நாஷ் என்ற கட்டடக் கலைஞர் ரீஜன்ட் பூங்காவைச் சுற்றி அரண்மனைபோல வீட்டு வரிசைகளை எழுப்பினார். உள்ளே இருப்பதெல்லாம் செங்கல்தான். மேலே சாந்து பூசி, ஈரம் காய்வதற்குள் கோடு கிழித்து, பெரிய பெரிய கற்களை அடுக்கியதுபோலக் காட்டினார்கள். பூச்சின் பழுப்பு நிறத்தை மறைக்கக் கல் நிறத்தில் வண்ணமும் அடித்தார்கள். நம் ஊர்ப் பழைய பங்களாக்களின் முகப்பிலும் இந்தப் பொய்க்கோடுகளைப் பார்க்கலாம்.

லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் 1824 அக்டோபர் 21-ல் வாங்கிய காப்புரிமையின் தலைப்பே ‘செயற்கைக் கல்’ தயாரிப்பைப் பற்றியது. தன் சிமென்ட் எதற்கெல்லாம் ஆகும் என்ற பட்டியலில் அவர் முதலில் எழுதியது கட்டடங்களுக்குப் பூசுவதை. தண்ணீர்த் தொட்டியெல்லாம் அதற்குப் பிறகுதான். மூலப்பொருள் இன்னும் வேடிக்கை: சுண்ணாம்புக்கல் போட்ட சாலைகளில் வண்டிச் சக்கரம் அரைத்த புழுதியும் சேறும்! டார்செட் கரையின் புகழ்பெற்ற போர்ட்லண்ட் கல்லின் பெயரைத் தன் சரக்குக்கு வைத்தார். பிற்பாடு 1840-களில் அவருடைய மகன் வில்லியமும் ஐசக் ஜான்சனும் சூட்டைக் கூட்டினார்கள். அதுவரை கருகிப்போனது என்று தூக்கியெறிந்த கட்டிகளை அரைத்தால்தான் சாந்து பலமாகிறது என்று தெரிந்தது. இன்றைய சிமென்ட் அந்தக் கட்டியின் வாரிசு.

சென்னைக்கு வேறொரு வம்சம் இருந்தது. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராயிருந்த ஐசக் பைக், சென்னைச் சாந்தின் செய்முறையை 1732 வாக்கில் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். 15 புஷல் மணல், அதே அளவு சுண்ணாம்பு, 20 பவுண்டு வெல்லம். கூடவே பயறும் கடுக்காயும் வேகவைத்த நீர். இனிக்கும் அந்தத் தண்ணீரை வேலையாட்கள் குடித்துவிடாமலிருக்க, அதில் கொஞ்சம் சுண்ணாம்பைப் போட்டுவைப்பார்கள் என்பதையும் அவர் எழுதிவைத்தார். அதே சென்னையில்தான் 1904-ல், கடற்சிப்பியை வைத்து இந்தியாவின் ஆரம்பகாலச் சிமென்ட் முயற்சிகளில் ஒன்றும் நடந்தது. அது நிலைக்கவில்லை. 1914-ல் போர்பந்தர் ஆலை வந்த பிறகு சிமென்ட் இங்கே வேரூன்றியது.

கல்லாக ஆசைப்பட்ட சாந்து அந்த ஆசையை நிறைவேற்றிக்கொண்டது. வீட்டுச் சுவருக்கு அதுவே தொல்லையும் ஆயிற்று. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே விடும், வெயில் வந்தால் வெளியே அனுப்பிவிடும். கெட்டியான சிமென்ட் பூச்சு விறைத்து நிற்கும். சுவர் லேசாக அசைந்தாலும் மயிரிழை வெடிப்பு விடும். அதன் வழியே இறங்கிய மழைநீருக்கு வெளியேற வழியில்லை. உப்பு பூக்கும், வண்ணம் உரியும், தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்கும்.

ஆகவே வெளிப்பூச்சைத் தேர்ந்தெடுக்கிறவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி, எந்தச் சுவர் என்பதுதான். பூச்சு சுவரைவிடக் கெட்டியாக இருக்கக்கூடாது. மேல்பூச்சு அடிப்பூச்சைவிடக் கெட்டியாக இருக்கக்கூடாது. சுண்ணாம்பில் கட்டிய தாத்தா வீட்டுக்கும் மண்சுவருக்கும் சுண்ணாம்புப் பூச்சே பொருந்தும். புதிய செங்கல் சுவருக்கு ஒரு பங்கு சிமென்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்பது உலகெங்கும் பழகிய கலவை. சிமென்டைக் கூட்டினால் பலம் கூடும், வெடிப்பும் கூடும். பூசிய பிறகு ஒரு வாரமாவது தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும். டெக்ஸ்சர், பளபளப்பு எல்லாம் அதற்கு அப்புறம். ரப்பர்போல மூடிக்கொள்ளும் வண்ணத்தை ஈரச் சுவரில் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

பூச்சு தேய்ந்தால் சாரம் கட்டி மறுபடி பூசிக்கொள்ளலாம், செங்கல் பொரிந்து உதிர்ந்தால் சுவரையே இடிக்க வேண்டிவரும். கடலில் நிற்கும் கோபுரத்துக்கு அசையாத சாந்து சரி. வீட்டுக்கு வேண்டியது, சுவருக்கு முன்னால் தான் தேய்ந்துகொடுக்கும் பூச்சு.