இடுப்புச் சாக்கு

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை வழியாகச் சுமார் 60 கி.மீ. போனால் போனக்காடு. 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடத்துக்கு நடப்பவர்கள் இங்கிருந்துதான் காட்டுக்குள் நுழைகிறார்கள். பேய் உலவுவதாகச் சொல்லப்படும் பங்களாவைப் பார்க்க வருகிற கூட்டம் தனி. இரண்டு கூட்டமும் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும் ஒரு பொருள் இந்த ஊரின் தேயிலைச் சரிவுகளுக்கு உரியது. கொழுந்து எடுக்கும் பெண்கள் புடவைக்கு மேல், இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டும் சாக்கு. இலங்கை மலையகத்தில் அதைப் படங்கு என்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் தேயிலைத் தோட்டங்களில் சாக்கு, தார்ப்பாய், பிளாஸ்டிக் என்று எது கையில் கிடைக்கிறதோ அதுவே பெயர்.

தேயிலைச் செடியைக் கவாத்து செய்து இடுப்பு உயரத்தில் தட்டையாக நிறுத்தியிருப்பார்கள். வரிசைக்குள் நுழைந்தால் இரண்டு பக்கமும் நனைந்த இலையும் வெட்டுப்பட்ட குச்சி முனையும் இடுப்பையும் தொடையையும் உரசும். வெறும் புடவை காலை பத்து மணிக்குள் தொப்பலாகிவிடும், ஒரு மாதத்தில் கிழிந்தும்விடும். போனக்காட்டில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இரண்டுக்கும் நடுவே பனி, மூடுமஞ்சு, அட்டை.

இந்தச் சாக்குக்கு முன்னோடி கம்பளி. வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டங்களில் தொழிலாளிக்குக் கறுப்புக் கம்பளி கொடுப்பது வழக்கம். கொடுத்துவிட்டு அதன் விலையைக் கூலிக் கணக்கில் பிடித்துக்கொள்வதும் வழக்கம். அந்தக் காலத்துத் துரைமாரில் ஸ்காட்லாந்துக்காரர்கள் கணிசம். 1867ல் இலங்கையின் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்த நாட்டவர்தான். அவர்கள் ஊரிலும் இடுப்பில் சுற்றும் உடை உண்டு: எட்டு கெஜம் வரை கம்பளித் துணியை மடிப்பு மடிப்பாக அடுக்கிய கில்ட். குளிர்நாட்டு மலைக்கு அது சரி. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் அந்தக் கம்பளி தண்ணீரைக் குடித்துக் கனத்தது. விளிம்பில் சேறு காய்ந்து கெட்டியாகி, நடக்க நடக்கச் சிப்பாய்களின் தொடையை அறுத்தது. கில்ட்டைக் காக்க அதன் மேல் காக்கிப் பருத்தியில் ஓர் ஏப்ரனும் கட்டிக்கொண்டார்கள். உடுப்புக்கு மேல் ஓர் உடுப்பு! நம் கொழுந்துக்காரிகளும் அதைத்தான் செய்கிறார்கள்.

கம்பளிக்குப் பின் சணல். இந்த இழையின் பயணம் விநோதமானது. வங்காளத்துச் சேற்றில் விளைந்து, கப்பலேறி, ஸ்காட்லாந்தின் டண்டீ நகருக்குப் போனது. முரட்டு நாரை இயந்திரம் நூற்க முடியாமல் திணறியபோது, அந்தத் துறைமுகத்தில் தாராளமாகக் கிடைத்த திமிங்கில எண்ணெயை ஊற்றி இளக்கினார்கள். 1830களில் வேலை பிடிபட்டது. பிறகு உலகத்தின் தானியமும் காப்பியும் சர்க்கரையும் டண்டீ சாக்கில் பயணித்தன. 1855ல் கல்கத்தாவுக்கு அருகே ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை எழுந்தது. நாளடைவில் கல்கத்தா டண்டீயை மிஞ்சியது. அரிசி மூட்டையாகத் தோட்டத்துக்கு வந்த சாக்கு, காலியானதும் இடுப்புக்கு ஏறியது. அதற்கு யாரும் விலை போடவில்லை, கணக்கிலும் பிடிக்கவில்லை.

ஆனால் சணல் தண்ணீரை விரும்பும் நார். 100 கிராம் உலர்ந்த கம்பளி சாதாரணக் காற்றிலிருந்தே சுமார் 16 கிராம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சணல் 14 கிராம்வரை, பருத்தி எட்டு கிராம் அளவுக்கு. இது காற்றின் ஈரம் மட்டும். மழையில் நனைந்தால் கணக்கே வேறு. கயிறு கட்டிய இடத்தில் இடுப்பு கன்றிப்போகும்; தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அடுப்புக்கு மேல் தொங்கவிட்டாலும் மறுநாள் காலையில் காய்ந்திருக்காது.

1954ல் இத்தாலியின் ஜூலியோ நாட்டா பாலிபுரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கை ஒழுங்கான வடிவில் உருவாக்கினார். 1963ல் கார்ல் ஸீக்லருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பிளாஸ்டிக் தாளை நாடாவாகக் கிழித்து நெய்தால் சாக்கு ஆகும் என்பது தெரிந்தபின், பழைய டண்டீ சணல் ஆலைகளே அந்த நாடாவை நெய்யத் தொடங்கின. இந்தியாவில் சணலைக் காப்பாற்ற, சில பொருள்களைச் சணல் சாக்கில்தான் கட்ட வேண்டும் என்று 1987ல் சட்டம் வந்தது. தானியமும் சர்க்கரையும் அதன் பிடியில் தங்கின. உரமும் சிமென்ட்டும் கைநழுவிப் போயின. தேயிலைத் தோட்டத்துக்குள் வந்துசேர்ந்தது அந்த உர மூட்டைதான். அலசி, பிரித்து, இரண்டை ஒட்டித் தைத்தால் ஓர் இடுப்புச் சாக்கு.

சுகம் என்று வந்தால் இது பாதி வெற்றிதான். பாலிபுரொப்பிலீன் ஈரத்தைத் தொடவே தொடாது. வெளித்தண்ணீர் வழிந்து ஓடும், உதறினால் காய்ந்துவிடும், எடை ஒன்றுமில்லை. மழைக்காலக் காலை வேளையில் இதற்கு இணை கிடையாது. பதினோரு மணிக்கு மஞ்சு விலகி வெயில் அடிக்கும்போது கதை திரும்புகிறது. உடம்பைக் குளிர்விப்பது வியர்வை அல்ல, வியர்வை ஆவியாவது. காற்றே ஈரத்தில் ஊறியிருக்கும் மலையில் ஆவியாவது ஏற்கெனவே மந்தம்; அதன் மேல் ஒரு மூடியையும் போட்டால் வியர்வை புடவைக்குள்ளேயே தங்கும். தொடை இடுக்கில் வியர்க்குரு, படர்தாமரை. அப்போதும் நெய்த சாக்கு கொஞ்சம் பரவாயில்லை, நாடாவுக்கும் நாடாவுக்கும் நடுவே காற்று நுழைய இடுக்கு இருக்கிறது. மெழுகிய தார்ப்பாயிலும் கட்-அவுட் பேனரிலும் அந்த இடுக்கும் அடைபட்டிருக்கும். செயற்கை இழை என்பதாலேயே புழுங்குகிறது என்று சொல்வது அரைகுறைப் பேச்சு. அகத்தியர்கூடம் ஏறுகிறவர்களின் கால்சட்டையும் பாலியெஸ்டர்தான். அதன் இழை நூற்றுக்கு அரைப் பங்கு ஈரம்கூடக் குடிக்காது. ஆனால் அது வியர்வையைக் கசியவிட்டு வெளிப்பக்கம் பரப்பி உலர்த்தும்படி நெய்யப்பட்டது. உடம்பை யோசித்து நெய்த துணி அது. உர மூட்டை யூரியாவை யோசித்து நெய்யப்பட்டது.

கில்ட்டும் இப்போது பாலியெஸ்டர்-விஸ்கோஸ் கலப்பில் வருகிறது, மலிவாக, எடை குறைவாக. அதைக் கட்டுகிறவர் வெயில் தாங்காவிட்டால் கழற்றி வைத்துவிட்டு வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். கொழுந்துக்காரிக்கு அந்த வசதி இல்லை. கொழுந்துக்கு எடை போடும்போது மழை நாளில் இலையில் ஒட்டிய தண்ணீருக்கென்று சில கிலோ கழிப்பது தோட்டங்களில் நடைமுறை. கழிந்ததை ஈடுகட்ட இன்னும் பறிக்க வேண்டும்; ஆகவே வெயில் ஏறினாலும் யாரும் சாக்கை அவிழ்ப்பதற்காக நிரையை விட்டு வெளியே வருவதில்லை. நிறுவைக்குப் போகும்போதுதான் முடிச்சு தளரும்.

1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17ஆம் பிரிவு, குடை, கம்பளி, மழைக்கோட்டு முதலியவற்றை முதலாளி கொடுக்க வேண்டும் என்று விதி செய்யும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தந்தது. மழையையும் குளிரையும் நினைத்த சட்டம். புழுக்கம் அதன் கண்ணில் படவில்லை. போனக்காட்டில் அதுவும் பழங்கதை. ஆலை ஓடி வருடங்கள் ஆகின்றன, கூலி பாக்கி. எஞ்சியவர்கள் இலை பறித்து விற்றுக் காலம் தள்ளுகிறார்கள்.

பாலிபுரொப்பிலீனுக்கு வெயில் ஆகாது. ஓரிரு வருடத்தில் நாடா வெளுத்து, நொறுங்கி, உதிரும். முன்பென்றால் உரக்கிட்டங்கியில் இன்னொரு காலி மூட்டை கேட்டு வாங்கலாம். உரம் போடாத தோட்டத்தில் காலி மூட்டை ஏது? விதுரைக்கு பஸ் ஏறி, நீல தார்ப்பாயை மீட்டர் கணக்கில் காசு கொடுத்து வாங்க வேண்டியதுதான். அதில் இடுக்கு கிடையாது.