அரசியார் நீட்டிய கை

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் நடப்போர் காதில் மலையாளத்தோடு தமிழும் விழும். பிழைப்பை நாடி இங்கு வந்த நாம், இந்நகரின் வரலாற்றில் நமக்குப் பயன்படும் ஓர் ஏட்டை இன்று புரட்டிப் பார்ப்போம்.

பசுவுக்கு வரும் அம்மையின் பாலை மனிதர் கையில் குத்தினால் பெரியம்மை அணுகாது என்று 1796-இல் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் கண்டறிந்தார். 1802-இல் அம்முறை பம்பாய்க்கு வந்தது. 1813-இல் திருவிதாங்கூரில் தொடங்கப்பெற்றது. அப்போது அரசாண்டவர் ராணி கௌரி லட்சுமி பாயி. இருபதைக் கடந்த இளம் வயதினர். அவ்வாண்டு ஏப்ரலில்தான் சுவாதித் திருநாளைப் பெற்றெடுத்திருந்தார்.

மக்களோ அஞ்சினர். அம்மையைத் தெய்வத்தின் வருகையாகக் கருதியவர்களுக்கு, ஒருவர் கொப்புளத்து நீரை மற்றொருவர் கையில் ஏற்றுவது தகாத செயலாகத் தோன்றிற்று. ஆணை பிறப்பித்தால் மட்டும் அச்சம் அகன்றுவிடாது. ஆகவே, அரசியாரும் அவர் குடும்பத்தாரும் முதலில் குத்திக்கொண்டனர். அதன் பின்னரே குடிகளுக்கு அழைப்பு வந்தது. அரசு ஊழியர், மாணவர், கைதிகள் ஆகியோருக்கு அது கட்டாயமாக்கப்பட்டது 1879-இல்தான். முன்மாதிரி முந்திற்று, சட்டம் பிந்திற்று. 1980-இல் பெரியம்மை உலகினின்றே ஒழிந்தது என உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இன்புளுயன்சா என்னும் சளிக்காய்ச்சலுக்கும் இன்று தடுப்பூசி உண்டு. ஆனால் அதன் கதை வேறு. 1918-இல் தொடங்கிய கொள்ளைநோயில் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டனர் என மதிப்பிடுகின்றனர். 1957-இல் அது மீண்டும் புதிய உருவில் கப்பலேறிச் சென்னைக்கு வந்து நாடெங்கும் பரவிற்று. இக்கிருமி ஓயாமல் உருமாறும் இயல்புடையது. அதற்கேற்ப மருந்தும் மாற்றி அமைக்கப்படுகிறது. எனவே ஊசியை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டியதாகிறது.

வெளிமாநிலங்களில் வாழும் நாம் இங்கு ஒன்றைக் கருதவேண்டும். சென்னை, வேலூர்ப் பகுதிகளில் இக்காய்ச்சல் அக்டோபர், நவம்பர் மழையிலும் தலைதூக்குகிறது. கேரளத்திலும் புனேயிலும் தென்மேற்குப் பருவமழையோடு மிகுகிறது, காஷ்மீரத்திலோ குளிர்காலத்தில். ஊரிலுள்ள உறவினருக்கு உகந்த மாதம் நமக்கு உகந்ததாக இராது. நாம் வாழும் இடத்து மழையே நமக்குப் பஞ்சாங்கம். ஊசியின் பயன் உடலில் ஊறச் சுமார் இரண்டு வாரம் ஆகும். ஆதலால் கேரளத்தில் இருப்போர் மே மாதத்திற்குள் போட்டுக்கொள்ளுதல் நலம்.

இவ்வூசி முழுக் காப்பு அளிப்பதன்று. எனினும் நோயின் கடுமையைத் தணிக்கும். முதியோர், கருவுற்ற தாய்மார், சிறு குழந்தைகள், நீரிழிவும் ஆஸ்துமாவும் உடையோர் ஆகியோரை ஆபத்திலிருந்து காக்கும். கையில் சிறிது வலியும் ஓரிரு நாள் இளஞ்சூடும் வரலாம். அவை தாமே நீங்கும்.

மருத்துவரைக் கலந்துகொண்டு, வீட்டுப் பெரியவர் முதலில் கையை நீட்டட்டும். மற்றவர்கள் தாமே பின்வருவர்.