நள்ளிரவில் வந்த மூவர்

பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஊர்களில் சி.எம்.சி. மருத்துவமனையை அறியாத இல்லம் அரிது. அதனை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் இந்தியாவில் ஊழியம் செய்ய விரும்பாதவராக இருந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்கடர், அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் ஆற்காடு மிஷனைச் சார்ந்த மருத்துவர். 1876-78 பெரும்பஞ்சத்தில் பசித்த பிள்ளைகளுக்குத் தம் சிறு கையாலேயே ரொட்டித் துண்டுகளை ஊட்டிய நினைவு அவரை விட்டு அகலவில்லை. பின்னர் குடும்பம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா நாட்டுப்புறத்தில் வேளாண்மை செய்து வாழ்ந்தது. பெற்றோர் மீண்டும் இந்தியா திரும்பியபோது, மகள் சிக்காகோவில் உறவினர் இல்லத்தில் விடப்பட்டார். ஊழியம் என்பது தாயைப் பிரிக்கும் ஒன்று என அந்தச் சிறுமி எண்ணியதில் வியப்பில்லை.

நோயுற்ற தாய்க்குத் துணையாகச் சில காலம் இருக்கவே 1890-இல் அவர் திண்டிவனம் வந்தார். அங்குதான் அந்த இரவு நேர்ந்தது. ஒரு பிராமணர், ஓர் இஸ்லாமியர், உயர்சாதியைச் சேர்ந்த இன்னோர் இந்து என மூவர் அடுத்தடுத்து வந்து, பேறுகாலத்தில் தவிக்கும் தத்தம் மனைவியைக் காப்பாற்ற அவரை அழைத்தனர். தாம் மருத்துவரல்லர், தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆடவர் தம் இல்லப் பெண்களைப் பார்ப்பதற்கு மூவருமே இசையவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். சிறுவன் சாமுவேலையும் ஆண்டவர் இரவில்தான் அழைத்தார். மும்முறையும் அது யார் குரலென அவன் உணரவில்லை. ஐடா உணர்ந்தார். மருத்துவம் கற்கச் செல்வதாகப் பெற்றோரிடம் அறிவித்தார்.

1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1902-இல் வேலூரில் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை. குடியாத்தம் சாலையில் மரநிழல்களில் வண்டியை நிறுத்தி நோயாளரைப் பார்த்தார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். மூவர் விண்ணப்பித்தாலே நற்பேறு என ஐயுற்றோர் கூறியிருந்தனராம். 1922-இல் தேர்வெழுதிய 14 மாணவியரும் தேறினர்.

கத்தோலிக்கராகிய நாம் இவ்விடத்தில் நம் வரலாற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். துறவறப் பெண்கள் மகப்பேறு மருத்துவம் பார்க்க அக்காலத் திருச்சபைச் சட்டம் இடம் தரவில்லை. கற்பு வார்த்தைப்பாட்டுக்கு அது ஒவ்வாது எனக் கருதப்பட்டது. அதன் விலையைச் செலுத்தியவர்கள், ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாத நம் நாட்டுத் தாய்மார்கள். ஸ்காட்லாந்து மருத்துவரும் கத்தோலிக்கராக மனம் மாறியவருமான ஆக்னஸ் மக்லாரன் இத்தடையை நீக்க வேண்டி உரோமைக்குப் பன்முறை சென்றார். நீங்கக் காணாமலே 1913-இல் மறைந்தார். அவர் தூண்டுதலால் மருத்துவரான அன்னா டெங்கல் 1925-இல் மருத்துவ மறைப்பணிச் சகோதரிகள் சபையைத் தோற்றுவித்தபோதும், அச்சகோதரிகள் முறையான வார்த்தைப்பாடு எடுக்க இயலவில்லை. ஆஸ்திரேலிய மருத்துவரான மேரி குளோவ்ரி, துறவறச் சகோதரியாகக் குண்டூரில் மருத்துவம் பார்த்தது திருத்தந்தையின் தனி அனுமதி பெற்றே.

அத்தடை 1936 பிப்ரவரி 11 அன்று, லூர்து அன்னையின் திருநாளில், நீங்கியது. வேலூரின் முதல் மாணவியர் தேறி வெளிவந்து அப்போது 14 ஆண்டுகள் ஆகியிருந்தன.