சிக்குன்குனியாவும் பச்சிளங்குழந்தைகளின் மூளை வெண்பொருளும்

2006ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் சிக்குன்குனியா பரவியபோது, மூட்டுகளை முடக்கிப்போடும் காய்ச்சல் என்ற அளவிலேயே மக்கள் அதை அறிந்திருந்தனர். பெயரைச் 'சிக்கன் குனியா' எனக் கேட்டு, கோழிக்கறியை ஒதுக்கியவர்களும் உண்டு. உண்மையில் இது உடல் வளைந்து போவதைக் குறிக்கும் மகோண்டே மொழிச் சொல். 1952–53இல் இன்றைய தான்சானியாவில் பரவிய கொள்ளைநோயின்போது இப்பெயர் வந்தது. பிரசவ நேரத்தில் தாயைத் தாக்கினால் குழந்தையின் மூளையையும் இந்நோய் கெடுக்கக்கூடும் என்பது 2006இல் மருத்துவ உலகுக்கே புதிய செய்தி.

இத்தனைக்கும் இவ்வைரசு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1963இல் கொல்கத்தாவிலும் 1964இல் சென்னை, வேலூர், புதுச்சேரி ஆகிய இடங்களிலும் இது பரவியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜாதவ், கேரி, மையர்சு உள்ளிட்டோர் கைக்குழந்தைகளிடமும் சிறுவர்களிடமும் இந்நோயின் இயல்புகளை ஆராய்ந்து 1965இல் வெளியிட்டனர். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவைத் தாக்கி டெங்கு எனப் பதிவான சில கொள்ளைநோய்கள் சிக்குன்குனியாவாக இருந்திருக்கலாம் என்று கேரி 1971இல் எழுதினார். 1973இல் மகாராட்டிரத்தின் பார்சியில் தலைகாட்டிய பின் ஏறத்தாழ 32 ஆண்டுகள் இந்தியாவில் பெரும் பரவல் இல்லை. நோய் ஓய்ந்ததும் ஆய்வும் ஓய்ந்தது.

விடுபட்ட கண்ணி ரீயூனியன் தீவில் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்கள் பலர் வாழும் தீவு அது. 2005–06இல் அதன் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரை நோய் பிடித்தது. பிரசவ வேளையில் இரத்தத்தில் வைரசு இருந்த 39 தாய்மாரில் 19 பேரின் குழந்தைகளுக்குத் தொற்று ஏற்பட்டது. அவர்களுள் 9 குழந்தைகளுக்கு மூளை பாதிக்கப்பட்டது. அறுவைசிகிச்சைப் பிரசவமும் தொற்றைத் தடுக்கவில்லை. கர்ப்பகாலத்தின் தொடக்கத்திலோ நடுவிலோ நோயுற்றுத் தேறிய தாய்மாரின் குழந்தைகளுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. பிரசவத்தை ஒட்டிய சில நாட்களே ஆபத்தானவை.

மூளையின் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளின் தொகுதியே வெண்பொருள். அவ்விழைகளைச் சுற்றி மின்கம்பியின் உறைபோல மயலின் படிகிறது. பிறக்கும்போது இந்த வேலை பெரும்பாலும் முடிந்திராது. மயலினை உண்டாக்கவேண்டிய செல்கள் அப்போது இளநிலையில் இருப்பதால் அழற்சியைத் தாங்கும் திறன் அவற்றுக்குக் குறைவு. பாதிக்கப்பட்ட குழந்தைகளின் எம்.ஆர்.ஐ. படத்தில் முதலில் வெண்பொருளில் வீக்கம் தெரிந்தது. சிலருக்குப் பின்னர் இரத்தக்கசிவும் குழிவுகளும் காணப்பட்டன. பரிகோவைரசு, எண்டரோவைரசு, ரோட்டாவைரசு ஆகியவையும் பச்சிளங்குழந்தைகளில் இதையொத்த சேதத்தை ஏற்படுத்துவதுண்டு. எனவே படத்தை மட்டும் கொண்டு இன்ன வைரசு என்று சொல்லிவிட முடியாது.

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில், நெசவுக்குப் பெயர்பெற்ற, மழை குறைந்த வட்டாரம். குழாயில் தண்ணீர் வரும் நாளில் குடத்திலும் தொட்டியிலும் பிடித்துவைத்துப் பல நாள் புழங்குவது இத்தகைய ஊர்களின் வழக்கம். சரியாக மூடாத அந்த நீரில்தான் ஏடிசு கொசு முட்டையிடுகிறது. வறண்ட ஊரில் கொசுநோய் எப்படி வரும் என்று கேட்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. தொற்றுள்ள குழந்தை பிறக்கும்போது பெரும்பாலும் நலமாகவே இருக்கும். 3 முதல் 7 நாட்களுக்குள்தான் காய்ச்சல், பால் குடிக்காமை, கைகால் வீக்கம், தோல் தடிப்பு, வலிப்பு ஆகியவை தோன்றும். சுகப்பிரசவம் ஆன தாய் 48 மணி நேரத்துக்குப் பின் வீடு திரும்பிவிடுகிறாள். அறிகுறி தொடங்கும்போது குழந்தை தொட்டிலில் இருக்கும். மருத்துவர் அருகில் இருக்கமாட்டார். தாய்க்குப் பிரசவத்தின்போது காய்ச்சல் இருந்ததா என்று கேட்காவிட்டால், பாக்டீரியாத் தொற்று என்றே சிகிச்சை தொடங்கும். சில வாரங்களில் மூக்கின் மேல் படரும் கருமை பின்னாளில் ஒரு தடயமாகிறது. 2006க்குப் பின் இந்திய மருத்துவர்கள் இதைப் பலமுறை பதிவு செய்துள்ளனர்.

வைரசைக் கொல்லும் மருந்து இல்லை. வலிப்பைக் கட்டுப்படுத்துவதும் மூச்சுக்கும் உணவுக்கும் துணைசெய்வதுமே சிகிச்சை. ரீயூனியனில் தொற்றுற்ற 33 குழந்தைகளை இரண்டு வயதளவில் சோதித்தபோது 51 விழுக்காட்டினரிடம் வளர்ச்சித் தாமதம் காணப்பட்டது. தொற்றில்லாதவர்களிடம் அது 15 விழுக்காடு. பேச்சும் அசைவுகளின் ஒருங்கிணைவும் பின்தங்கின. மூளை பாதிக்கப்பட்டவர்களுள் சிலருக்குத் தலை சிறுத்தது, சிலருக்குப் பெருமூளை வாதம் வந்தது. தாமதத்தை முன்கூட்டியே கண்டறிந்து பயிற்சியளிக்க, 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத்திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. பிறந்த வாரத்தில் வலிப்பு வந்த குழந்தை, பார்வைக்கு முழுதும் தேறிவிட்டதுபோல் இருந்தாலும், அங்கே அழைத்துச் செல்லப்பட வேண்டும்.