வாசிப்பறையில் யார் உட்காருவது?

விருத்தாசலத்தில் நூலகத்துக்குப் போனால் மேசை முழுக்க குரூப் நான்கு, காவலர் தேர்வு வினாத்தொகுப்புகள்தான். பீங்கான் பட்டறையில் பொம்மைக்கு வண்ணம் தீட்டிவிட்டு வந்த பெண்ணொருத்தி, விரலிடுக்கில் சாயம் போகாமல் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறாள். 'இதெல்லாம் ஒரு வாசிப்பா?' என்று நண்பர்களிடம் அங்கலாய்த்தவன்தான் நானும். தமிழ் எம்.ஏ. கொடுத்த திமிர், வேறென்ன.

வாசிப்பென்று நாம் புனிதப்படுத்தி வைத்திருப்பதன் வரலாறு அப்படியொன்றும் சுத்தமானதல்ல. ஏடுகள் மடத்திலும் அரண்மனையிலும் கிடந்தன. அவற்றைத் தொடும் கை எது என்பதைச் சாதி தீர்மானித்தது. 1896இல் சென்னையில் கன்னிமாரா திறந்தபோதும் கூரைவீட்டுக்காரனுக்கு அது எட்டாத கட்டடம். 1931இல் மன்னார்குடிப் பக்கம் புத்தகங்களை மாட்டுவண்டியில் ஏற்றிக் கிராமங்களுக்கு ஓட்டிப்போனார்கள். சின்ன காரியம்தான், ஆனால் யார் யாரைத் தேடிப் போவது என்கிற திசை அங்கே மாறுகிறது. எஸ்.ஆர். ரங்கநாதன் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியதன் பலனாக வந்த 1948ஆம் ஆண்டு சென்னைப் பொது நூலகச் சட்டம் இதை உரிமையாக்கியது. வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்ந்தது. எங்க ஊர்ச் சூளைக்காரரும் கட்டுகிறார். ஆக அந்த நாற்காலி யாருடைய தர்மமும் இல்லை. சட்டத்துக்கு வெளியே திராவிட இயக்கப் படிப்பகங்கள் இருந்தன. ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார், எழுத்தறியாதவர் கேட்டுவிட்டு வாதாடுவார். (பெண்கள் அங்கே வந்து உட்கார்ந்தது அரிது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

நூலகம் அழிந்தால் நாம் புத்தகங்களை எண்ணுகிறோம். 1981இல் யாழ்ப்பாணத்தில் எரிக்கப்பட்டவை ஏறத்தாழ 97,000. 2003 ஏப்ரலில், அமெரிக்கப் படை பாக்தாதுக்குள் நுழைந்த நாட்களில், ஈராக்கின் தேசிய நூலகம் எரிந்தது. அரபு உலகிலேயே இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடந்திருக்கிறது. முபாரக் ஆட்சி 2002இல் அலெக்சாந்திரியாவில் திறந்த நூலகம் அந்த அரசின் அலங்காரச் சின்னம். 2011இல் அதே ஆட்சிக்கு எதிராக எழுந்த இளைஞர்கள் கைகோத்து அதைச் சுற்றி நின்றார்கள். அரசு கட்டியது என்பதற்காக அதை அரசுக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

அதே ஆண்டு நவம்பரில் இங்கே அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக்கப்போவதாக அரசு அறிவித்தது, உயர்நீதிமன்றம் தடுத்தது. எழுத்தாளர்கள் எதிர்த்தது நமக்கு ஞாபகமிருக்கிறது. சொந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காருகிறவர்களுக்கு அங்கே தனி இடம் உண்டு என்பது ஏனோ ஞாபகத்துக்கு வருவதில்லை.

அன்றைக்கு அந்தப் பெண் என்னிடம் கேட்டாள்: "சார், பிறிதுமொழிதல் அணிக்கும் ஏகதேச உருவகத்துக்கும் என்ன வித்தியாசம்?" ஒன்றுக்குத்தான் சட்டென்று பதில் வந்தது. இன்னொன்றுக்கு எழுந்து அலமாரிக்குப் போனேன்.